நாலாவது கண்

ஆகஸ்ட் 4, திங்கள்

பாலம் ஒன்றைக் கண்காணிக்கும் வேலைக்காகக் காலையில் இலந்தையூர் வந்து சேர்ந்தேன். பாலம் ஊரின் தெற்கு முனையில் இருக்கிறது. தூணுக்குத் தூண் இடைவெளியாக ஒன்பது கண். இந்தப் பக்கம் ஊரும் வாழைத் தோட்டங்களும். அந்தப் பக்கம் டவுன், மார்க்கெட், கல்லூரி, மாவட்ட ஆஸ்பத்திரி. ஆற்றைக் கடக்க வேறு பாலம் கிடையாது. அணைக்கட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு சாலை போகிறது. “அதுல போனா இடுப்பு கழண்டுரும் மேடம்” என்றார் பாலத்துக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர் இசக்கிராஜ்.

தங்குவதற்கு அவரே ஏற்பாடு செய்திருந்தார். ஞானசிகாமணி என்பவர் வீட்டு மாடி. பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர், உடல்நிலை காரணமாக முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்டார். மனைவி புஷ்பம், சத்துணவு மையத்தில் அமைப்பாளர். பிள்ளைகள் இல்லை. சாப்பாடும் அவர்களோடுதான். நான் ஹோட்டலில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “இங்க ஏது ஹோட்டலு? ரெண்டு புரோட்டாக் கடை. வயித்தக் கெடுத்துக்கிடாதிய” என்று புஷ்பம் அக்கா பேச்சை முடித்துவிட்டார்.

மாடி அறையில் மின்விசிறி சத்தம் போடுகிறது. ஜன்னலிலிருந்து பாலம் தெரிகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

ஒட்டும் வேலை தொடங்கியது. பாலத்தின் அடியில் தொங்குமேடை கட்டியிருக்கிறார்கள். கான்கிரீட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, பசை தடவி, பாலத்தைத் தாங்கும் கர்டர் ஒவ்வொன்றிலும் மூன்று பீசோ தகடுகள். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். மின்சாரம் கொடுத்தால் அதிரும். அதிரவைத்தால் மின்சாரம் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் குணம்.

இசக்கிராஜ் ஒன்றைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “இந்த வில்லையா மேடம் பாலத்தப் பாத்துக்கிடப் போவுது? இது காத்துல பறந்துருமே.”

பசை காய ஒரு நாள் ஆகும். நாளையும் இதே வேலை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மதியம் கீழே சாப்பிடும்போது ஞானசிகாமணி சார் என் வேலையைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொரு தகட்டுக்கும் சிறிது மின்சாரம் அனுப்புவோம், அது ஒட்டியிருக்கும் இடத்தை அதிரவைக்கும், கான்கிரீட் எப்படி எதிர்வினை செய்கிறது என்பது ஒரு கோடாகக் கணினிக்குத் திரும்பி வரும், இன்றைய கோட்டை நாளைய கோட்டோடு ஒப்பிடுவோம், உள்ளே ஏதாவது மாறினால் கோடும் மாறும் என்றேன்.

“அப்போ பாலத்துக்கு ஈசிஜி!”

“கிட்டத்தட்ட அப்படித்தான் சார். சும்மா இருக்கும்போதும் காது கொடுத்துக் கேட்கும். உள்ளே ஏதாவது உடைஞ்சா அந்தச் சத்தமும் பதிவாகும்.”

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். இடது கையில் ஒரு சிரையையும் தமனியையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடம் கயிறு போலப் புடைத்திருக்கிறது. “தொட்டுப் பாரும்மா” என்றார். தொட்டேன். உள்ளே விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. “இது நின்னா ஆளு நின்னுரும். தெனமும் எந்திரிச்சதும் மொதல்ல இதத் தொட்டுப் பாத்துக்கிடுவேன். எனக்கு உன் வில்லையெல்லாம் வேண்டாம்.”

“சாப்பிடுற நேரத்துல கைய நீட்டிக்கிட்டு” என்று புஷ்பம் அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார்.

அவர் நாளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. நான் அவர் எதிரில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து முடித்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எல்லாத் தகடுகளும் பதில் தருகின்றன. அடிப்படைப் பதிவு எடுத்தாகிவிட்டது. இனி எல்லாம் இதோடு ஒப்பிட்டுத்தான்.

ஆகஸ்ட் 16, சனி

டவுனில் பசையும் ஒயரும் வாங்க வேண்டியிருந்தது. டயாலிசிஸுக்குப் போகும் சாரோடும் அக்காவோடும் காலை பஸ்ஸில் போனேன். ஞானசிகாமணி சாருக்கு ஜன்னலோரம் யார் இருந்தாலும் எழுந்து இடம் விடுகிறார்கள். பாதிப் பேர் அவரிடம் வாலிபால் ஆடியவர்கள். கண்டக்டரையே “ஏல, சர்வீஸ் போடத் தெரியாத பய” என்றுதான் கூப்பிடுகிறார்.

பாலத்தில் ஒவ்வொரு கண்ணின் மூட்டிலும் பஸ் தடக் என்று விழுந்து எழுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிக்கொண்டார்கள். நான் கடைகளை முடித்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். இயந்திரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டுப் படுத்திருந்தார். புஷ்பம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மையத்துக்கான முட்டைக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அவருக்கு அதற்குத்தான் நேரம்.

திரும்பும்போது சார் களைத்துப்போய் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பஸ்ஸில் கூட்டம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாற்றம் இல்லை. சென்னையிலிருந்து வித்யாசங்கர் அழைத்தார். எங்கள் திட்டத்தின் தலைவர். “ஒண்ணும் வராதது நல்ல செய்திதான், தாரிணி” என்றார். மூன்று மாதத்தில் முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

மின்விசிறியை ஞானசிகாமணி சார் ஏறி நின்று சரிசெய்யப் பார்த்தார். அக்கா கீழே இருந்தே சத்தம் போட்டு இறக்கினார். பிறகு நானே ஏறி எண்ணெய் விட்டேன். சத்தம் குறைந்திருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நாலாவது கண், மேற்கு ஓர கர்டர், நடுத்தகடு. கோடு விலகியிருக்கிறது. சிறிய விலகல்தான். பெரும்பாலும் பசை விட்டிருக்கும்.

ஆகஸ்ட் 30, சனி

பசை விடவில்லை. பக்கத்திலேயே புதுத் தகடு ஒன்று ஒட்டியிருக்கிறேன். காயட்டும்.

செப்டம்பர் 1, திங்கள்

புதுத் தகட்டை ஒட்டியதிலிருந்து அதன் கோடும் அதே திசையில் நகர்கிறது. வெயில் ஏறினால் கோடு நகரும் என்பது தெரிந்ததுதான். விடிந்ததும் ஒன்று, உச்சிவெயிலில் ஒன்று, மேகம் மூடியபோது ஒன்று என்று எடுத்துப் பார்த்தேன். மற்ற எட்டுக் கண்களும் வெயிலோடு ஏறி வெயிலோடு இறங்குகின்றன. நாலாவது கண்ணின் மேற்கு கர்டர் இறங்கவில்லை.

மாலையில் தொங்குமேடையில் போய்க் கண்ணால் பார்த்தேன். கீறல் இல்லை. ஓர் இடத்தில் துருநிறத்தில் கொஞ்சம் ஈரம்.

செப்டம்பர் 3, புதன்

மாலையில், பாலத்தில் ஒரு வண்டிகூட இல்லாத நேரத்தில், அந்தக் கர்டரின் தகடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஒரு சிறு துடிப்பைப் பதிவு செய்தன. சட்டென்று எழுந்து மெதுவாக அடங்கும் துடிப்பு. ஆய்வுக்கூடத்தில் எஃகுக் கம்பியை இழுத்து அறுத்தபோது இதே வடிவம்தான் வந்தது. கர்டரின் உள்ளே அதைத் தாங்கிப் பிடிக்கும் கேபிள் ஓடுகிறது. பல கம்பிகள் சேர்ந்தது கேபிள்.

வித்யாசங்கருக்குப் பதிவை அனுப்பினேன். உடனே அழைத்தார்.

“கம்பியா?”

“அப்படித்தான் தெரியுது.”

“களத்துல நீங்க இருக்கீங்க. என்ன செய்யலாம்?”

“ஒரு துடிப்பை வச்சு ஊரோட ஒரே பாலத்தை மூடச் சொல்ல முடியாது. இன்னும் ஒரு வாரத் தரவு இருந்தா நல்லது.”

“சரி, உங்க முடிவு” என்றார்.

கீழே அயிரை மீன் குழம்பு. சார், “நாளைக்கு டயாலிசிஸ் இருக்குல்லா, இன்னைக்குக் கொஞ்சம் கூடக் குடிச்சிக்கிடுதேன்” என்று அக்காவிடம் அரை டம்ளர் தண்ணீருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். குழம்பு நன்றாக இருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

காலை பஸ் போகும்போது, பாலத்து முனையில் எங்களுக்குப் போட்டுக்கொடுத்த கொட்டகையில் கணினி முன் இருந்தேன். நாலாவது கண்ணைக் கடந்தது. பதிவில் விசேஷம் இல்லை. அதன் பின் டீ குடிக்கப் போனேன்.

மாலையில் திரும்பி வந்த பஸ்ஸிலும் விசேஷம் இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

துணி துவைத்தேன். வாழைத்தார் லாரிகள் வழக்கத்தைவிட அதிகம்.

செப்டம்பர் 6, சனி

காலை பஸ். விசேஷம் இல்லை. மாலை பஸ். விசேஷம் இல்லை.

இடையில், மதியம், இன்னொரு துடிப்பு. முதல் துடிப்பு வந்த இடத்துக்கு மிக அருகில்.

வித்யாசங்கர் கேட்டார். வாரம் இன்னும் முடியவில்லை என்றேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

புஷ்பம் அக்காவிடம், நீங்கள் டவுனிலேயே ஒரு வீடு எடுத்துக்கொண்டால் என்ன, சாருக்கு அலைச்சல் இருக்காதே என்று கேட்டேன்.

“ஏன், திடீர்னு?”

“சும்மாதான் கேட்டேன் அக்கா.”

“என் வேலை இங்கல்லா இருக்கு. எட்டரை மணிக்கு அடுப்பு பத்த வைக்கணும். இவியளக் கூட்டிட்டுப் போற அன்னைக்கு மட்டும் பெரிய டீச்சர் அனுசரிச்சு விடுதாவ. டவுன்ல இருந்து நான் எப்படி வர? அப்புறம் இவியளுக்கு இந்த ஊரு இல்லாம இருக்க முடியாது. சாயங்காலம் கிரவுண்டுல போய் உக்காந்து நாலு பயலுவள வையலேன்னா தூக்கம் வராது.”

சரி என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் பள்ளி வேன் கடந்துகொண்டிருந்தபோது மூன்றாவது துடிப்பு. முந்தைய இரண்டையும்விடப் பெரியது. கோடும் ஒரே நாளில் நன்றாக நகர்ந்துவிட்டது.

அறிக்கை எழுதி அனுப்பினேன். பரிந்துரை: எல்லா வாகனங்களையும் உடனே நிறுத்துவது, நாலாவது கண்ணுக்கு அடியில் முட்டுக் கொடுப்பது, மேற்கு கர்டரைத் துளைத்துக் கேபிளைப் பார்ப்பது.

கீழே சாப்பிடப் போனேன். அலுவல் விஷயம் என்பதால் எதுவும் சொல்லவில்லை. சார் நாளைக்கு எடுத்துப் போகும் பையை அக்கா எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

விடியும் முன்பே போலீஸ் வந்து பாலத்தின் இரண்டு முனைகளிலும் தடுப்பு வைத்துவிட்டது. நான் போனபோது பெரிய கூட்டம். லாரிகள் வரிசையாக நின்றன. பச்சைத் தார்கள் வெயிலில் வாடத் தொடங்கியிருந்தன.

இசக்கிராஜ் என்னைத் தனியாக அழைத்தார். முகம் கறுத்திருந்தது. “ஒரு கீறல் காட்டுங்க மேடம். ஒரே ஒரு கீறல். கலெக்டர் ஆபீஸ்ல இருந்து கேக்காவ, ஊர்க்காரன் கேக்கான். கம்ப்யூட்டர்ல கோடு கோணிருச்சின்னு நான் எப்படிச் சொல்ல?”

“உள்ள கம்பி அறுந்துக்கிட்டு இருக்கு சார்.”

“நீங்க பாத்தியளா?”

“கேட்டேன்.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாரும் அக்காவும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். அணைக்கட்டு வழியாகப் போகும் பஸ் வரும் என்று கண்டக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். சார் என்னைப் பார்த்ததும் கை காட்டினார். “நீதான் மூடச் சொன்னியாமே? நல்லது. விழுறதுக்கு மூடுறது மேலு.” அக்கா பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். இருட்டிய பிறகு வந்தார்கள். சாரை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

டீக்கடையில் எனக்குக் கடைசியாகத்தான் கொடுத்தார்கள். ஒருவர் என் காதில் விழட்டும் என்றே பேசினார்: “மெட்ராஸ்ல இருந்து ஒருத்தி வந்து வில்லைய ஒட்டுனா, ஊரு அவுட்டு.”

புஷ்பம் அக்கா மையத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு விடிவதற்குள் சாரோடு கிளம்பிப் போனார். எனக்குச் சோறு மூடி வைத்திருந்தார்.

துடிப்பு எதுவும் இல்லை. பாரம் இல்லாததால் இருக்கலாம்.

செப்டம்பர் 13, சனி

மாலையில் அக்கா போனில் அழைத்தார். டயாலிசிஸ் முடிந்து வரும்போது சாருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்திருக்கிறது. பஸ்ஸில் அசந்து தூங்கிவிட்டார். இடது கை உடம்புக்கும் ஜன்னல் கம்பிக்கும் இடையில் மாட்டி, வழி முழுக்க அழுந்திக் கிடந்திருக்கிறது. ஊர் வந்து விழித்ததும் கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அதிர்வு இல்லை.

அதே சாலையில் கார் பிடித்து மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

“நான் வரட்டுமா அக்கா?”

“நீங்க வந்து என்ன செய்யப் போறிய?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டது போல இருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் உறைந்துவிட்டது. எடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அந்தக் கை இனிமேல் உதவாது. இப்போதைக்குக் கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். வலது கையில் புதிதாகத் தைத்து, அது பழுக்கச் சில மாதங்கள் ஆகும். அதுவரை கழுத்துக் குழாய்தான். கிருமி புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினார்.

“பாலம் என்ன சொல்லுது?”

“அமைதியா இருக்கு சார்.”

“எனக்கும் அமைதியாயிட்டு, பாத்துக்கோ” என்று இடது கையைக் காட்டினார். சிரிக்கப் பார்த்தார்.

டாக்டரிடம் வழியில் நின்று கேட்டேன். வாரம் மூன்று தடவை அந்தச் சாலையில் ஐந்து மணி நேரம் இந்த உடம்பு தாங்குமா என்று. “தாங்காதுன்னு எழுதித் தரணுமா?” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மேற்கு கர்டரின் கணக்குகளை எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாலாவது கண்ணுக்கு அடியில் தண்ணீர் இல்லை, மணல்திட்டு. எஃகு முட்டுகள் நிறுத்த வசதியான இடம். முட்டுக் கொடுத்துவிட்டால் கிழக்கு ஓரமாக மனிதர்கள் நடக்கலாம். ஒரு தடவைக்குச் சிலர் மட்டும், இடைவெளி விட்டு. கணக்கு சரியாக வருகிறது. மூன்று தடவை போட்டேன். வித்யாசங்கரும் தனியாகப் போட்டுப் பார்த்துச் சரி என்றார்.

இசக்கிராஜிடம் கொண்டு போனேன். “மூடச் சொன்னதும் நீங்கதான், திறக்கச் சொல்றதும் நீங்கதானா?”

“வண்டிக்கு இல்ல சார். நடக்குறதுக்கு. இந்தப் பக்கம் ஒரு பஸ், அந்தப் பக்கம் ஒரு பஸ். நடுவுல ஜனங்க நடப்பாங்க. தகடு எல்லாம் வேலை செஞ்சிட்டுத்தான் இருக்கும். ஒரு துடிப்பு வந்தாலும் ஆளை நிறுத்திடலாம்.”

வெகுநேரம் காகிதத்தைப் பார்த்தார். அவருடைய கொழுந்தியாளும் அக்கரையில் கல்லூரியில் படிக்கிறாளாம். “முட்டு ரெண்டு நாள்ல வந்துரும்” என்றார்.

செப்டம்பர் 18, வியாழன்

முட்டுகள் வந்தன. நாள் முழுக்க மணலில் நின்றேன். கால் வெந்துவிட்டது.

செப்டம்பர் 20, சனி

பாலம் நடப்பவர்களுக்குத் திறந்தது. சார் நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அணைக்கட்டு வழியாக வீடு திரும்பியிருந்தார்.

வாலிபால் பையன்கள் எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலி கொண்டு வந்திருந்தார்கள். ஆளாளுக்குத் தள்ள வந்தார்கள். ஒரு தடவைக்குச் சிலர்தான் என்று நான் சொல்லியிருந்ததால் எல்லோரையும் அனுப்ப முடியவில்லை. சாரே, “தாரிணி தள்ளட்டும். விழுந்தா மூடுனவளோட சேந்து விழுதேன்” என்றார். கூட்டம் சிரித்தது. இந்த ஊர் என் எதிரில் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் தள்ளினேன். அக்கா பையோடு பக்கத்தில் நடந்தார். கண்ணின் மூட்டுகளில் முன்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி வைத்தேன், கழுத்துக் குழாய் அசையக் கூடாது என்று. சார் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். “முப்பது வருசமா பஸ்ல போயிட்டேன். இவ்வளவு பெரிய ஆறுன்னு தெரியாமப் போச்சே” என்றார்.

நாலாவது கண்ணில் கொஞ்சம் வேகமாகத் தள்ளினேன்.

அக்கரையில் ஆட்டோ நின்றது. அவரை ஏற்றும்போது அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

தள்ளினேன்.

செப்டம்பர் 25, வியாழன்

தள்ளினேன். மழைத் தூறல், குடை அக்கா பிடித்தார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மேற்கு கர்டரைத் துளைத்தார்கள். கேபிள் ஓடும் குழாய்க்குள் சாந்து நிரம்பாமல் ஓரிடத்தில் வெற்றிடம். அதில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட கம்பிகள், பல நான் வருவதற்கு முன்பே, அறுந்து, முனைகள் துருவேறிக் கரைந்து ஊசி போல நின்றன. இசக்கிராஜ் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து டார்ச்சை அணைத்தார்.

“நான் தெனம் மூணு தடவ இது மேலதான் போவேன் மேடம்” என்றார்.

அக்டோபர் 5, ஞாயிறு

வியாபாரிகள் சங்கம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டது. வரமாட்டேன் என்றேன், விடவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். டீக்கடையில் என்னைத் திட்டியவரும் ஒரு மாலை போட்டார். ஞானசிகாமணி சாரை முன்வரிசையில் நாற்காலியோடு உட்கார வைத்திருந்தார்கள். அக்கா பக்கத்தில்.

இசக்கிராஜ் பேசினார். நன்றாகப் பேசக்கூடியவர். “கண்ணுக்கே தெரியாத நோவு இது. ஆகஸ்ட் மாசமே மேடத்துக்குச் சந்தேகம் தட்டியிருக்கு. செப்டம்பர் மூணாந்தேதி உள்ள கம்பி அறுந்த மொதச் சத்தத்தையே மேடம் பிடிச்சிட்டாங்க. நம்ம எல்லாரும் அது மேல போயிட்டும் வந்துட்டும் இருக்கோம், மேடம் கொட்டகையில உக்காந்து காவ காத்திருக்காங்க! எட்டாந்தேதி அவங்க அனுப்புன ரிப்போர்ட்ட நான் வரிவரியாப் படிச்சேன்.”

கைதட்டினார்கள். சாரும் தட்டினார், ஒரு கையால் தொடையில். அக்கா தட்டவில்லை. மடியில் இருந்த பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து கேசரி கொடுத்தார்கள்.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் அக்கா மாடிக்கு வந்தார். இதுவரை அவர் மாடி ஏறி வந்ததில்லை. நான் நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“மூணாந்தேதி சத்தம் கேட்டுதாமே.”

“ஆமா அக்கா.”

“அது கம்பிதான்னு அன்னைக்கே தெரியுமா, பொறவா?”

“அன்னைக்கே தெரியும்.”

“நாலாந்தேதி வியாழக்கிழமை. இவிய பஸ்ல போனாவ. நானும்தான். ஆறாந்தேதி சனி. போனோம். வந்தோம். நீங்க எட்டாந்தேதி எழுதி அனுப்புனிய.”

“உறுதிப்படுத்திக்க இன்னும் கொஞ்சம் தரவு...”

“அத ஆபீஸ்ல சொல்லுங்க தாரிணி. என்கிட்ட எதுக்கு?”

அவர் காத்திருந்தார்.

“மூடிட்டா சார் எப்படி ஆஸ்பத்திரி போவாருன்னு தெரியல அக்கா. அதான் தள்ளிப் போட்டேன்.”

“இவியளுக்காகவா?”

“ஆமா.”

“அதனாலதான் டவுன்ல வீடு பாக்கச் சொன்னிய.”

“ஆமா.”

அக்கா ஜன்னல் வழியாகப் பாலத்தைப் பார்த்தார். அவர் குரல் ஏறவேயில்லை. “அவ்வளவு நாளும் எங்கள அது மேல ஏத்தி அனுப்பிட்டு, நீங்க கொட்டகையில உக்காந்து பாத்துட்டு இருந்திருக்கிய. பஸ்ல எத்தன பேரு. என் மையத்துப் பிள்ளைய அக்கரையில இருந்து பள்ளிக்கூட வேன்லதான் வரும். மூடுனதுல எனக்கு வருத்தம் இல்ல. கை போனதுலகூட உங்க மேல ஒரு சொல்லு நெனைக்கல, கேட்டுக்கிடுங்க. மூணாந்தேதியே மூடியிருந்தா அன்னைக்கே திட்டிட்டு, அன்னைக்கே ஏதாவது வழி பாத்திருப்போம். நீங்க இப்ப செஞ்ச இந்த முட்ட அப்பவே வச்சிருப்பிய.”

முட்டுக் கொடுத்து ஆட்களை நடக்கவிடலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. மூடுவது, மூடாமல் இருப்பது என்று இரண்டு வழிதான் அந்த வாரம் என் கண்ணில் பட்டது. இதை நான் சொல்லவில்லை.

“சார்கிட்ட...” என்றேன்.

“அவியளுக்கு விளங்கல. விளங்கவும் வேண்டாம். உங்க மேல உசிரா இருக்காவ. நீங்களும் வாயத் திறக்காதிய.” படியில் இறங்கப் போனவர் நின்றார். “அடுத்த ஊர்ல யாரு வீட்டுலயும் தங்காதிய.”

இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். போனேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

தள்ளினேன். அக்கா பக்கத்தில் நடந்தார். சார்தான் பேசிக்கொண்டு வந்தார்.

அக்டோபர் 11, சனி

கிளம்புகிறேன். கர்டரை வலுப்படுத்தும் வேலையை வேறு குழு பார்த்துக்கொள்ளும். தகடுகள் அப்படியே இருக்கும், பதிவுகள் இனி நேராகச் சென்னைக்குப் போகும்.

கடைசி தடவையாக நாற்காலியைத் தள்ளினேன். அக்கரையில் சார் என் தலையில் கை வைத்தார். புதிதாகத் தைத்த வலது கை, கட்டு இன்னும் பிரிக்கவில்லை. “எனக்குன்னு ஒரு பாதைய திறந்து விட்டுட்டுப் போறியேம்மா. பெத்த பிள்ள செய்யாது” என்றார். நான் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அக்கா ஆட்டோக்காரரிடம் பையை மெதுவாக வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டோ கிளம்பும்போது தலையை மட்டும் அசைத்தார்.

அக்டோபர் 27, திங்கள்

புது ஊர். ரயில்வே தண்டவாளத்துக்கு மேலே போகும் மேம்பாலம். தூண்கள் நன்றாக இருக்கின்றன, கர்டர்கள் பார்வைக்குச் சரி. இருநூறு தகடுகள் ஒட்ட வேண்டும்.

இங்குள்ள பொறியாளர் நல்லவர். மேம்பாலத்தை ஒட்டியே தெரிந்த குடும்பத்தில் மாடி அறை ஒன்று காலியாக இருக்கிறது, வீட்டுச் சாப்பாடு, தங்கமான மனிதர்கள் என்றார். வேண்டாம் என்றேன். பஸ் நிலையத்துக்கு எதிரில் லாட்ஜில் அறை எடுத்திருக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

இன்று கணினியில் அமைப்பை மாற்றினேன். இதுவரை எச்சரிக்கை எனக்கு வரும், நான் பார்த்து முடிவு செய்து மற்றவர்களுக்குச் சொல்வேன். இனி கோடு எல்லையைத் தாண்டினாலோ, கம்பி அறுபடும் துடிப்பு ஒன்று வந்தாலோ, எனக்கு வரும் அதே நொடியில் பொறியாளருக்கும், போலீஸ் நிலையத்துக்கும், சென்னைக்கும் போய்விடும். என் அனுமதி தேவையில்லை. நிறுத்தவும் என்னால் முடியாது.

வித்யாசங்கர் அழைத்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. “பசை விட்டாக்கூட மெசேஜ் போகும், தாரிணி. வெயில் அடிச்சாக்கூடப் போகும். பாதி தப்பா இருக்கும். ஊர் முழுக்க உங்களைத்தான் திட்டும்.”

“திட்டட்டும் சார்” என்றேன்.